பத்திரத்தில் உன் பெயரும் இருக்கட்டும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தை போன பிறகு வீடே வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு வெகுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். இங்கே எல்லோரும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு நடக்கிறது. எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

அத்தை பெயரில் அறக்கட்டளை தொடங்கி, வருடத்துக்குப் பத்துப் பெண்களைப் படிக்க வைப்பது என்று உங்கள் வீட்டில் முடிவு செய்திருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆண்கள் வடக்கே போய்விட்ட மாதங்களில் தறியையும் காட்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவர் அல்லவா? கையெழுத்துப் போடத் தெரியாவிட்டாலும் கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் தவறாது. அவர் பெயரில் பெண்கள் படிப்பது பொருத்தம்தான்.

ஆனால் நீ அனுப்பிய அறங்காவலர் பட்டியலைப் பார்த்தேன். மாமனார், உன் வீட்டுக்காரர் அண்ணன், கொழுந்தனார்கள் இருவர், ஆடிட்டர். ஒரு பெண்கூட இல்லை. யோசனை சொல் என்று கேட்டிருக்கிறாய். என் முதல் யோசனை இதுதான்: உன் பெயரும், உன் கொழுந்தனார் மனைவி பெயரும், படித்து வெளியே வந்த பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி பெயரும் அதில் வர வேண்டும். அதுவும் சும்மா உறுப்பினராக அல்ல. காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். தலைமை ஆசிரியையாக இருந்தபோது படிப்பை விட்ட பெண்களை நிறையப் பார்த்தவள் நான். மார்க் குறைந்து நின்றவர்கள் கொஞ்சம்தான். கல்லூரியிலிருந்து திரும்பக் கடைசி பஸ் கிடைக்காமல் நின்றாள் ஒருத்தி. பள்ளியில் கழிப்பறை சரியில்லாததால் மாதாமாதம் நாலு நாள் வராமல் இருந்து, அப்புறம் வராமலே போனாள் இன்னொருத்தி. தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றவள் உண்டு, அவசரமாக நிச்சயம் பண்ணிவிட்டதால் நின்றவளும் உண்டு. இதையெல்லாம் அந்தப் பெண் உன் மாமனார் முன்னால் வாய்விட்டுச் சொல்வாளா? உன்னிடம் சொல்வாள்.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணமும் பெரிதில்லை. அதனால் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். விடுதி, பஸ், லேப்டாப், போட்டித் தேர்வுப் பயிற்சி, இவைதான் இடறுகிற இடங்கள். பணம் நேராக அவள் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

நம் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பத்தாவது முடித்த கையோடு என் மாணவிகள் சிலரும் போனார்கள். மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. பெற்றவர்களிடம் அதைப் பெரிய உதவி என்றுதான் சொன்னார்கள். அது அந்தப் பிள்ளைகளுடைய சொந்தக் கூலி, பிடித்து வைத்திருந்த கூலி. உடம்புக்கு முடியாமல் நடுவில் திரும்பி வந்தவளுக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்த இடத்தில் அந்தப் பெண்கள் யாரும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

கொடைக்கு நம் ஊரில் குறைவே இல்லை. கோவையில் பீளமேட்டு கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வரும் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஒரு பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள், 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் வந்தது அப்படித்தான். அவினாசிலிங்கம் செட்டியார் 1957-ல் பெண்களுக்காக மனையியல் கல்லூரி தொடங்கினார். 1963-ல் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரியைத் தொடங்கியவர்கள் ஜி.ஆர். கோவிந்தராஜுலுவும் அவர் மனைவி சந்திரகாந்தியும். நம் தலைமுறைப் பெண்கள் கல்லூரி வாசலை மிதித்ததே இப்படிப்பட்டவர்களால்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

தர்மத்தையே ஒரு பங்காளியாக வைத்துப் பாகம் பிரித்த ஊரில், மகளுக்குப் பங்கு எழுத மட்டும் ஏன் இன்னும் கை வரமாட்டேன் என்கிறது? 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டமாக வர 1989 ஆனது. அதுவும் அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும். நாம் இருவரும் அதற்கு முன்பே வாக்கப்பட்டுவிட்டோம். 2005-ல் மத்தியச் சட்டம் வந்த பிறகு அந்த வரம்பும் போய்விட்டது. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பார். ‘சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு’ என்று அக்கா தங்கைகளைக் காரில் கூட்டி வந்து, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்னும் நடக்கிறது. அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடுமே என்ற பயத்தில் அவர்களும் போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நல்ல செய்தி. என் தம்பி போன மாதம் பாகப்பிரிவினை எழுதினான். மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, கிணற்றில் அவளுக்கும் முறை உண்டு, வண்டித் தடம் அவளுக்கும் பொது என்று தெளிவாக எழுதியிருக்கிறான். தண்ணீரும் தடமும் இல்லாத காடு யாருக்கு ஆகும்? பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அவன் அசையவில்லை. எந்த அறக்கட்டளைக்கும் குறைந்ததல்ல அவன் செய்தது.

‘பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்’ என்று உன் மாமனார் சொல்லலாம். உங்கள் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் மருமகள் ராதாபாய் சுப்பராயனை அவருக்கு ஞாபகப்படுத்து. 1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இந்தியப் பெண்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் அவர். 1938-ல் மத்திய மேல்சபைக்குத் தேர்வானார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர். அதற்கும் முன்பே, 1921 கள்ளுக்கடை மறியலில், ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் தெருவில் இறங்கி நின்றவர்கள். மறியலை நிறுத்துவது அந்த இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக ஈரோட்டில் இன்றும் பேசுவார்கள். அவர்களுக்கெல்லாம் அலைச்சல் இல்லாமலா இருந்தது?

அப்புறம், காரியத்துக்கு வருகிறேன். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை என்றுதானே எழுதியிருக்கிறாய்? பதிவான பிறகு பெயர் சேர்ப்பதைவிட இப்போதே சேர்ப்பது சுலபம். வருமான வரி விலக்குக்கான பதிவு வேலைகளை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அறங்காவலர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்றும், ஓர் இடம் காலியானால் அதற்கும் இதே விதி என்றும் பத்திரத்திலேயே எழுதச் சொல். அண்ணனிடம் முதலில் பேசு. அவர் ஒத்துக்கொண்டால் மாமனாரும் வருவார். நகல் தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்பு, படித்துவிட்டுப் போன் பண்ணுகிறேன்.

உன் தோழி,
வசந்தா