கட்டிக்கு அடையாளம் ஒட்டும் பாக்டீரியா

ஆசிரியருக்கு,

ரத்தப் புற்றுநோயில் கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களை எடுத்து, புற்றுசெல்லில் உள்ள ஒரு குறியைத் தேடித் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துவது) அமெரிக்காவில் 2017-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் நுரையீரல், குடல், மார்பகம் போன்ற இடங்களில் வரும் திடக் கட்டிகளிடம் அதே செல்கள் திணறுகின்றன. கட்டியின் எல்லாச் செல்களிலும் உள்ள, ஆனால் நல்ல செல்களில் இல்லாத குறி கிடைப்பது அரிது.

குறி இல்லையா, சரி, நாமே ஒட்டிவிடலாம் என்கிறார்கள் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் (சயன்ஸ் இதழ், 2023). ஈ.கோலை நிசில் என்ற தீங்கற்ற பாக்டீரியா, ஆக்சிஜன் குறைந்த கட்டிக்குள் தங்கிப் பெருகும். கூட்டம் சேர்ந்ததும் தானே வெடித்து, தயாரித்து வைத்த புரதத்தைக் கொட்டும். அது கட்டியின் திசுவில் ஒட்டிக்கொள்ள, அந்தப் புரதத்தைத் தேடும்படி மாற்றிய டி செல்கள் வந்து தாக்கும். கெட்டிக்கார யோசனைதான்.

ஆனால் இதெல்லாம் எலிகளில். அதைச் சொல்லாமல் "புற்றுநோய்க்குத் தீர்வு" என்று தலைப்புப் போட்டால் (எல்லோரும் செய்வதுதான்) நோயாளிகள்தான் அலைவார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு காசநோய்த் தடுப்பூசிக் கிருமியான பிசிஜியைப் பல பத்தாண்டுகளாகச் செலுத்துகிறோம், உண்மை. இருந்தாலும் எதிர்ப்புசக்தி குன்றியவர் உடம்பில் உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் பரவினால் என்ன செய்வது என்று யாராவது கேட்க வேண்டாமா? எலியா மனிதரா என்பதையாவது முதல் வரியிலேயே எழுதுங்கள்.