அந்தக் கிறீம் போத்தலைப் பற்றியும் கேளுங்கள்: திருகோணமலை மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

பிள்ளை தங்குமென்று சொல்லி விற்கப்படும், புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் சேர்ந்த கிறீம் பற்றி உங்களுக்குத் தெரியாமலிருக்காது. குச்சவெளியில் இருக்கும் என் தங்கச்சி இரண்டு முறை கரு கலைந்தவள். மூன்றாம் முறை நாள் தள்ளியதும், தெரிந்த ஒருவரிடம் அந்தப் போத்தலை வாங்கினாள். காலையும் இரவும் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு பயறளவு தேய்ப்பாள். கழுவினால் மருந்து போய்விடுமென்று மீன் வெட்டுவதைக்கூட மாமியிடம் விட்டுவிட்டாள்.

ஆறாம் கிழமை இரத்தம் பட்டது. ஆசுப்பத்திரிக்குப் போகவில்லை, விற்றவருக்குத்தான் போன் எடுத்தாள். "இரண்டு மடங்காகப் பூசுங்கோ" என்றார்களாம். நான்கு நாள் பூசினாள். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆசுப்பத்திரிக்கு வந்திருந்தால் அந்தக் கரு நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த நான்கு நாளில் அவளையே இழந்திருக்கவும் கூடும். புரொஜெஸ்டரோன் கூடாத மருந்துமல்ல. முன்பு கரு கலைந்தவருக்கு இரத்தம் பட்டு, ஸ்கானில் கரு கருப்பைக்குள் இருப்பது தெரிந்தால், 400 மில்லிகிராம் குளிசையைத் தினம் இரு தடவை பெண்ணுறுப்பில் வைக்கலாம் என்று பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) நிறுவனம் 2021இலேயே சொல்லிவிட்டது. தோலில் பூசுவதில் எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். புதிதாகக் கல்யாணமான வீடுகளுக்கு வரும் மிட்வைஃப் போலிக் அசிட் குளிசை போடுகிறீர்களா என்று கேட்கிறார். கிறீமைப் பற்றியும் கேட்கட்டும். "இரத்தம் கண்டால் எதையும் பூசிக்கொண்டு இருக்காமல் உடனே வாங்கோ" என்று சொல்லட்டும்.

பதிவில்லாத மருந்தை விற்கக் கூடாது என்று நம் நாட்டின் மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டம் (2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கம்) சொல்கிறது. பிறகு எப்படி இது வீடு வீடாக வருகிறது? தொடக்கத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறால் கலைபவை. அதை ஒருவரும் மாமிக்குச் சொல்லவில்லை. பாரம் தூக்கினாய், பஸ்ஸில் போனாய் என்று தங்கச்சிதான் இன்னமும் பேச்சு வாங்குகிறாள். அப்படிப் பேச்சு வாங்குகிறவள் எதைத்தான் பூசமாட்டாள்?

கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள். தயவுசெய்து, மிட்வைஃப்மார் அந்தக் கிறீமைப் பற்றிக் கேட்க ஒழுங்கு செய்யுங்கள். பாதிப் போத்தல் என்னிடம் இருக்கிறது. எந்தக் கந்தோருக்கு என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா
திருகோணமலை