அஸ்பிரின் குருதிக்கட்டியைக் கரைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் பாரிசவாதம் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அஸ்பிரின் குருதிக்கட்டியைக் கரைக்கும் என்ற வரியைத் திருத்தியே ஆகவேண்டும். அஸ்பிரின் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கிறது. ஹெபரின், வோர்ஃபரின் ஆகிய மருந்துகள் கட்டி மேலும் வளராமல் பார்த்துக்கொள்கின்றன. உருவாகிவிட்ட கட்டியை அறுப்பது பிளாஸ்மின் என்ற நொதியம். அல்டிபிளேஸ் ஊசிமருந்து அதைத்தான் தூண்டிவிடுகிறது.

பிளாஸ்மினுக்கு எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. கட்டியின் சட்டகம் ஃபைப்ரின் இழைகளால் ஆன வலை. இந்த இழைகளை உருவாக்கும் நொதியமான திரொம்பின் மிகுந்த இடத்தில் இழைகள் மெல்லியனவாக, நெருக்கமாகப் பின்னப்படும். குறைந்த இடத்தில் தடித்து, இடைவெளி விட்டு அமையும். தடித்த இழை வலைதான் கரையக் கடினம் என்று நினைப்போம். நடப்பது மறுதலை. மெல்லிய இழை தனியே விரைவாக அறுபடும்தான். ஆனால் நெருக்கமான வலையில் அறுக்க வேண்டியவை ஏராளம், மருந்து நுழையும் வழியோ குறுகல். இறால் வலையின் கண்ணைப் பார்த்த வாவிக்கரையாருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நீரிழிவும் புகைத்தலும் இத்தகைய நெருக்கமான வலைக்கே வழிவகுக்கின்றன.

கட்டி பிறந்தபடியே இருப்பதுமில்லை; நேரம் செல்லச் செல்ல இறுகுகிறது. சிறுதட்டுகள் இழைகளை இழுத்துச் சுருக்குகின்றன. இடையில் அகப்பட்ட செங்குழியங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பன்முக வடிவம் கொள்கின்றன. குருதி உறைய உதவும் புரதங்களுள் ஒன்றான பதின்மூன்றாம் உறைதற்காரணி இழைகளைக் குறுக்கே பிணைப்பதோடு, பிளாஸ்மினை முடக்கும் புரதத்தையும் அவற்றிலேயே ஒட்டிவிடுகிறது.

பாரிசவாதத்தில் அறிகுறி தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள் அல்டிபிளேஸ் ஊசியைப் போடவேண்டும் என்ற எல்லைக்கு முதற்காரணம் மூளைத் திசு அழிவதும் குருதிப்பெருக்கு அபாயமும்தான். கட்டி இறுகுவது அதன்மேல் ஏறும் சுமை. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து மட்டக்களப்புக்கு வர முன்போல் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாய் கோணியவருக்கு எண்ணெய் தேய்த்து விடியும்வரை பார்க்கும் வழக்கம் போகவில்லை. இப்போது உங்கள் கட்டுரையை நம்பி அஸ்பிரினும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சீ.ரி. ஸ்கேன் எடுக்காமல், அடைப்பா குருதிக்கசிவா என்று தெரியாமல், அது ஆபத்து.

திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு வருமாறும் ஒரு வரி சேருங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
களுவாஞ்சிக்குடி.