வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். துர்கா பூஜை மாதம் நீங்கலாக மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் யாரென்று நான் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. சர்க்கரைப் பொங்கல் போதவில்லை என்ற புகாரும் வழக்கம்போல் வந்தது.

இந்த ஆண்டு பெரும்பாலான கூட்டங்களை, பழைய வங்காளப் பத்திரிகைகளையும் நூல்களையும் ஆராய்ந்த பிரஜேந்திரநாத் பந்தோபாத்யாய் என்ற ஒரே ஆளுக்கு ஒதுக்கினோம். தமிழ் வாசகர் வட்டத்தில் வங்காளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, இந்த ஊர்க்காரர்களில் தாகூரைத் தாண்டி ஒருவரையும் தெரியாது என்றால் அது நமக்குத்தான் குறை என்று செயற்குழு கருதியது.

அவர் 1891இல் ஹூக்ளி மாவட்டம் பலாகட்டில் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. தட்டச்சு வேலை பார்த்துப் பிழைத்தவர். முகலாய வரலாற்றில் ஆர்வம் வந்து, வரலாற்றாசிரியர் யதுநாத் சர்க்காரின் வழிகாட்டலில் எழுதத் தொடங்கினார். பிறகு ராமானந்த சாட்டர்ஜி நடத்திய ‘பிரபாசி’, ‘மாடர்ன் ரிவ்யூ’ பத்திரிகைகளில் துணையாசிரியர் ஆனார். வங்காள இலக்கியக் கழகமான வங்கிய சாகித்ய பரிஷத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் அவ்வளவு எழுத அவருக்கு எப்படி நேரம் கிடைத்தது என்பது, கூட்ட அறிவிப்பு அனுப்பவே திணறும் இந்தச் செயலாளருக்குப் புரியவில்லை.

நாம் அதிகம் பேசியது ‘சம்பாத்பத்ரே சேகாலேர் கதா’ (பத்திரிகைகளில் அந்தக் காலத்துச் செய்தி) என்ற அவருடைய தொகுப்பைப் பற்றி. 1818 மே 23 அன்று செராம்பூரில் தொடங்கிய ‘சமாசார் தர்பண்’ வார இதழின் பழைய தாள்களைப் புரட்டி, 1840 வரையிலான செய்திகளைக் கல்வி, இலக்கியம், சமூகம், மதம், பல்வகை என்று பிரித்து, தேதியோடு அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் காலத்து நடையை அவர் திருத்தவே இல்லை. அதனால் இந்து கல்லூரி, உடன்கட்டை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவையெல்லாம் அந்த வாரத்துச் செய்தியாகவே காதில் விழுகின்றன. 1821இல் வந்த, கொல்கத்தாப் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளையைக் கிண்டல் செய்யும் ‘பாபுர் உபாக்யான்’ வாசிக்கப்பட்ட மாலையில் பின்வரிசையில்கூட யாரும் தூங்கவில்லை. இங்கேயே பள்ளியில் படித்த நம் இளைய உறுப்பினர்கள் வங்காளத்தில் வாசித்து, அங்கங்கே நிறுத்திப் பொருள் சொன்னார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வங்காள மொழிப் பத்திரிகை எது என்ற சண்டை இங்கே இன்னும் ஓயவில்லை. கங்காகிஷோர் பட்டாச்சார்யாவின் ‘பெங்கால் கெசட்’டும் அதே 1818இல் வந்ததுதான். ஆனால் அதில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அரசாங்க கெசட்டில் வந்த விளம்பரங்களை வைத்துத்தான் அது வெளிவந்த காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பிரஜேந்திரநாத் அடித்துப் பேசுவதில்லை. விளம்பரத்தையும் தேதியையும் எடுத்து முன்னால் வைக்கிறார்.

அடுத்தது ‘சாகித்ய சாதக் சரிதமாலா’. ஆளுக்கொன்றாக வந்த மெல்லிய வாழ்க்கை வரலாறுகள். பங்கிம், மதுசூதன் போன்ற பெரியவர்களோடு, ராம்ராம் பாசு, காளிபிரசன்ன சிங்கா போன்றவர்களுக்கும் இடம் உண்டு. உண்மையைச் சொன்னால் நடை வறட்சி. பிறப்பு, குடும்பம், படிப்பு, வேலை, அப்புறம் நூல் பட்டியல். அந்தப் பட்டியல்தான் பொக்கிஷம். புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் தேதி ஒன்று இருக்கும். பெங்கால் லைப்ரரி தொகுத்த அச்சுப் புத்தகப் பட்டியலிலிருந்து எடுத்தது அது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சகங்கள் புத்தகங்களைப் பதிவு செய்ததால் உருவான பட்டியல். மதராஸில் தமிழ்ப் புத்தகங்கள் பதிவானதும் இதே சட்டத்தால்தான் என்று ஒரு மூத்த உறுப்பினர் எடுத்துச் சொன்னார். 1855இல் லாங் பாதிரியார் வங்காள நூல்களுக்கும், 1865இல் மர்டாக் தமிழ் நூல்களுக்கும் பட்டியல் போட்டதையும் அவரே நினைவூட்டினார்.

எல்லோரும் பிரஜேந்திரநாத்தைப் புகழ்ந்துவிடவில்லை. ராம்மோகன் ராய் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்ட கதைகளை, ஆவணம் எங்கே என்று கேட்டுத் தட்டிவிட்டதில் அவர் அளவு மீறிவிட்டார் என்று ஒரு தரப்பு வாதாடியது. எதிர்த்தரப்பும் விடவில்லை. அன்று தேநீர் ஆறிப்போனது.

ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலையில் உள்ள பரிஷத் கட்டடத்துக்கும் ஒரு குழுவாகப் போய் வந்தோம். பிரஜேந்திரநாத் சஜனிகாந்த தாஸோடு சேர்ந்து பதிப்பித்த பங்கிம், தீனபந்து தொகுதிகளை வெளியிட்ட இடம் அது. அவர் 1952இல் காலமானார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு வேலையை முன்மொழிகிறது. நம் அலமாரியில் இருக்கும் பழைய தமிழ்ப் புத்தகங்கள், விழா மலர்கள் எல்லாவற்றுக்கும் ஆசிரியர், அச்சகம், ஆண்டு, பக்க எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் போட வேண்டும். தலைப்புப் பக்கம் கிழிந்தவற்றுக்கு ஆண்டை ஊகித்து எழுதக் கூடாது, அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். இரவல் எடுத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் புத்தகங்களைத் திருப்பிவிட்டால் வேலையைத் தொடங்கலாம். கையெழுத்து நன்றாக இருப்பவர்களும், தமிழில் தட்டச்சு தெரிந்தவர்களும் இன்றே பெயர் கொடுக்கலாம்.

அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்