1-0-0 என்று எழுதிய கவர்: வேலூர் மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், ஊர் ஊராக வீடு ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியர் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் தெரு ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றினாள். நான் பதினோரு வருடம் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தேன். என் மகளும் அதே மாதிரி ஒரு கம்பெனியில்தான் இருந்தாள். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம்.

ஐந்தாம் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாமியார் வீட்டில் இருந்தாள். இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்பாள். தரையில் உட்கார்ந்தால் முட்டியில் கையை ஊன்றித்தான் எழுவாள். "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும், எங்களுக்கெல்லாம் இல்லாத வலியா" என்று சம்பந்தியம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் மாப்பிள்ளை ஒரு தனியார் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஆயிரத்துக்கு மேல் செலவழித்து ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி அளவு 9 என்று வந்தது. 20-க்குக் கீழே போனால் குறைபாடு, 12-க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். பால் பவுடர் மாதிரி ஒரு சின்னப் பாக்கெட் எழுதிக் கொடுத்தார். 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரம்.

டாக்டர் சரியாகத்தான் சொன்னார். மருந்துக் கடையில் கவர் மேல் பேனாவால் 1-0-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம்ம ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், காலையில் ஒன்று. சம்பந்தியம்மா பாசக்காரர். தினமும் விடிந்ததும் பாலில் கலந்து கையில் கொடுத்திருக்கிறார். ஆறாம் நாள் நான் பார்க்கப் போனபோது ஐந்து பாக்கெட் காலி. ஐந்து வாரத்து மருந்து, 3 லட்சம் யூனிட், ஐந்து நாளில் உள்ளே போய்விட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் ஆங்கிலம். டி.பார்ம் படித்த என் தம்பி மகனுக்குப் போட்டோ அனுப்பினேன். "அத்தை, நிறுத்தச் சொல்லு, இப்பவே டாக்டரைக் கூப்பிடு" என்றான். டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி, மலச்சிக்கல், கிட்னியில் கல் வரை போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கால்சியம் பரிசோதித்தார்கள், நல்ல வேளையாக ஏறவில்லை. மீதிப் பாக்கெட்டை நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கடிதம் அந்தக் கடைக்காரர் மேல் புகார் இல்லை. அவர் கவரில் எழுதியதாவது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரைப் பட்டையோடு ஒரு வார்த்தைகூட வருவதில்லை.

அந்தப் பாக்கெட் விவகாரத்துக்குப் பிறகுதான் மகளின் பையைக் கொட்டிப் பார்த்தேன். கால்சியம் மாத்திரை, பட்டை பட்டையாக, பிரிக்காமலே கிடந்தது. "இன்னாம்மா இது, சாக்பீஸ் மாதிரி பெருசா கீது, முழுங்கினா நெஞ்சுல நிக்குது" என்றாள். முதல் மாதம் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறாள், அதுவும் ராத்திரி இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து. பட்டையின் பின்பக்கத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். கால்சியம் 500 மில்லிகிராம், வைட்டமின் டி3 250 யூனிட். எந்தச் சத்து இல்லை என்று ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கண்டுபிடித்தோமோ, அது இலவசமாகப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை. மத்திய அரசு 2014-இல் கொடுத்த வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. 14-ஆவது வாரத்திலிருந்து தினம் இரண்டு மாத்திரை, பிரசவம் வரை 360. பிறகு பால் கொடுக்கும் ஆறு மாதத்துக்கு இன்னொரு 360. தினம் இரண்டு என்றால் டி 500 யூனிட் ஆகிறது. நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன தினசரி அளவு 600. ஒரு முட்டையில் 40 யூனிட் சுமாருக்குத்தான் இருக்கும். மீதிக்கு, '+F' குறி போட்ட பாலிலும் எண்ணெயிலும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். ஆகவே பெரும்பங்கு அந்தச் சாக்பீஸிலிருந்துதான் வர வேண்டும். அதை ஏன் போட வேண்டும், எப்போது போட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரும்பும் கால்சியமும் ஒன்றாக இறங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதைக்கூட என் தம்பி மகன்தான் சொன்னான். இந்தத் தெருவில் பாதிப் பேர் எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள். பிறகு "ரத்தம் ஏறவே மாட்டேங்குது" என்று நீங்களும் திட்டுகிறீர்கள்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பேச்சு ஒன்று உண்டு. அதில் கோயில் கணக்கு 1981-லேயே தீர்ந்துவிட்டது, கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். காலியான இடத்தில் வெயில் இருந்தும் வலுவில்லா எலும்பு என்று சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கத்திரி வெயிலில் டிவி செய்தியில் நம்ம ஊர் பெயர் முன்வரிசையில் வரும். இந்த ஊரிலா டி குறையும் என்று நானும் சிரித்தேன்.

ஆனால் டி தருவது சூடு இல்லை, வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர். அது தோலில் நேராகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். துணி தடுக்கும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும். இப்போது எங்கள் பெண்களின் நாளைப் பாருங்கள். ஷூ கம்பெனி பஸ் ஏழு மணிக்கு முன்பே வந்துவிடும். பகலெல்லாம் ட்யூப்லைட், சாப்பாடும் ஷெட்டுக்குள்ளேயே. திரும்பி இறங்கும்போது தெருவிளக்கு எரியும். பீடி சுற்றுகிறவள் வீட்டில்தானே இருக்கிறாள், வாசலில் உட்காரலாமே என்பீர்கள். நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை வெயில் பட்டால் காய்ந்து மடிக்கும்போதே முறியும். அதனால் நிழல் தேடித்தான் முறத்தை மடியில் வைப்பார்கள். பேரணாம்பட்டிலிருந்து மேல்விஷாரம் வரை பர்தா போடும் சகோதரிகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நைட்டி மேல் துண்டு போட்டு வீட்டுக்குள் நாள் முழுக்க இருக்கும் என் நிலைமையும் அதேதான். மொட்டை மாடி இருக்கிறவர்கள் மாடிக்குப் போகலாம். ஷீட் வீட்டுக்காரி எங்கே போவாள்?

இங்கேதான் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. கேட்டால் எல்லோரும் சொல்லும் ஒரே பதில், "காலையில் இளவெயிலில் நில்லும்மா." விடியல் வெயில் மனசுக்கு நல்லதாக இருக்கலாம், அதில் அந்தக் கதிர் இல்லை என்றே சொல்லலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது இறங்கும். இங்கிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடும் திருப்பதியில் ஆய்வு செய்து, காலை 11 முதல் மதியம் 2 வரைதான் நல்ல நேரம் என்று கண்டிருக்கிறார்கள். ஏப்ரலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு வயிற்றுப்பிள்ளைக்காரியை வேலூரில் வெளியே நிற்க வைத்தால் மயங்கி விழுவாள். மார்கழி, தையில் வேண்டுமானால் துணி காயப்போடும் சாக்கில் கொஞ்ச நேரம் நிற்கலாம், தடுக்கவில்லை. ஆனால் 'இளவெயில்' என்று சொல்லி அனுப்புவதோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கையில் இருப்பது மாத்திரை, அதைப் பற்றிப் பேசுங்கள்.

இது பெரிய ஆர்ப்பாட்டத்துக்குரிய விஷயமா என்று கேட்டால், அளவோடு சொல்கிறேன். டி மாத்திரை போட்டால் பிரஷர் வராது, சர்க்கரை வராது, குறைமாதமே வராது என்று வாட்ஸ்அப்பில் ஓடுவதை நான் நம்பவில்லை. அதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் எல்லா கர்ப்பிணிக்கும் தனியாக டி கொடுக்கச் சொல்லவில்லை, குறைபாடு இருக்கும் என்று தோன்றினால் 200 யூனிட் கொடுக்கலாம் என்கிறது. இங்கிலாந்தில் எல்லோருக்கும் 400. 2024-இல் அமெரிக்க ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் கர்ப்பிணிகளுக்கு டி கொடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. பெரியவர்களே ஒரு அளவில் நிற்கவில்லை.

எலும்பு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. டி இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் குடலிலிருந்து சரியாக உள்ளே போகாது. களியும் கீரையும் எவ்வளவு தின்றாலும் பாதி வீண். வயிற்றுப்பிள்ளை பிறக்கும்போது சுமார் 30 கிராம் கால்சியத்தைத் தன் எலும்பில் சேர்த்திருக்கும், அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். பிள்ளையின் டி முழுக்க அம்மாவிடமிருந்து வருவது. அம்மாவிடம் ரொம்பக் குறைந்தால் பிறந்த சில நாளில் கால்சியம் இறங்கிப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம், வளரும்போது மணிக்கட்டு தடித்துக் கால் வளையலாம். தாய்ப்பாலிலும் டி மிகக் குறைவுதான். அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் முதல் வருடம் முழுக்கப் பிள்ளைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். தாய்ப்பால் குறைந்த பால் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எங்கள் மாமியார்கள் மறுநாளே பால்பவுடர் டப்பா வாங்கிவிடுவார்கள்.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பணம் ஒரு பீடிக்காரியின் நாலைந்து நாள் கூலி. என் மகள் மாதிரி இடுப்பு வலி, எழ முடியாமை, முந்தின பிள்ளைக்கு வலிப்பு என்று வருகிறவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, அவர்களுக்கு மட்டும் அரசு செலவில் பாருங்கள். 60,000 பாக்கெட் அரசு மருத்துவமனையில் கொடுத்தாலும் சரி, வெளியே வாங்கினாலும் சரி, எந்தக் கிழமை என்று தாய் சேய் அட்டையில் தமிழிலும் உருதுவிலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று இரண்டு வார்த்தை அந்தக் கவரில் இருந்திருந்தால் என் மகள் அந்த ஒரு வாரம் தூங்கியிருப்பாள். மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்களால் முடியும்.

இன்னொன்று, பிரசவமானதும் பட்டை நின்றுவிடுகிறது. வழிகாட்டுதலில் இருக்கும் அந்த இரண்டாவது 360 எங்கே போகிறது என்று எங்கள் தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. கேட்டு வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. இதை விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

செவிலியர் அக்காக்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பிக்மி நம்பர் (கர்ப்பிணிப் பதிவு எண்) போடுவதும் தடுப்பூசிக் கணக்கு ஏற்றுவதுமே அவர்கள் நாளைத் தின்றுவிடுகிறது என்பது கண்ணால் பார்ப்பதுதான். ஆனால் பரிசோதனை நாளில் லீவு போட்டால் கூலி போகும் என்று வராத பெண்கள் நிறைய. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா வேலூரிலிருந்து குடியாத்தம் ரோட்டில் வண்டியை நிறுத்தி நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்ததை எங்கள் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களிடம் ஆஸ்பத்திரி போனது. மாதத்தில் ஒரு நாள், இலையும் தூளும் எடை போட்டுக் கொடுக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். சனிக்கிழமை அங்கே ஐம்பது பெண்கள் வரிசையில் நிற்பார்கள், நின்றபடியே கேட்பார்கள். ஷூ கம்பெனி கேன்டீனில் பத்து நிமிடம் பேச அனுமதி நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள். நாங்கள் கேட்டால் சூப்பர்வைசரே கதவைச் சாத்திவிடுவார்.

வருகிற 9-ஆம் தேதி மகளைப் பரிசோதனைக்கு அழைத்து வருகிறேன். இப்போது அவள் மாத்திரையை இரண்டாக உடைத்து, சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறாள். நெஞ்சில் நிற்பதில்லை. வலி பாதியாகியிருக்கிறது, தரையிலிருந்து ஒரு கையால் எழுகிறாள். அன்றைக்கு மருந்து கொடுக்கும் ஜன்னலில் எங்களுக்கு முன்னால் நிற்கும் பெண்ணிடமும் பின்னால் நிற்கும் பெண்ணிடமும் பட்டையை நீட்டும்போது, "காலையில் சாப்பிட்டதும் ஒன்று, மதியம் சாப்பிட்டதும் ஒன்று, இரும்பு மாத்திரை படுக்கும்போது" என்று சொல்லச் சொல்லுங்கள். கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன், எட்டு செகண்ட் ஆகிறது.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்திலிருந்து,
அடுத்த மாதம் பாட்டியாகப் போகிற ஒருத்தி