நேரில் வரச் சொல்ல முடியாத காலத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைபர் மோசடிச் செய்திகளை உங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. நல்லது. ஆனால் பாதிச் செய்திகள், பொதுமக்கள் பேராசைப்பட்டு ஏமாற வேண்டாம் என்ற போலீஸ் எச்சரிக்கையோடு முடிகின்றன. ஊரடங்குக் காலத்தில் வேலூர் பக்கம் பணத்தைப் பறிகொடுத்தவர்களை வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவர்களில் பேராசைக்காரர்கள் குறைவு.

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பு நம் ஜனங்களிடம் ஒரு சோதனை இருந்தது. போனில் யாராவது கார்டு, கணக்கு என்று ஆரம்பித்தால், "சரிங்க, நாளைக்கு பேங்குக்கே வந்துடறேன்" என்பார்கள். பொருள் விற்பவனிடம், "கொண்டாந்து காட்டு, அப்புறம் பேசலாம்" என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் இது காப்பாற்றியது. யாரும் எங்கேயும் வர முடியாது என்று அரசாங்கமே அறிவித்த பிறகு அந்தச் சோதனை செல்லாமல் போயிற்று. மோசடிக்காரன் வழக்கமாகச் சொல்லும் சாக்கு, முதல்முறையாக உண்மையாகவும் இருந்தது.

மார்ச் 27-ம் தேதி ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதி கொடுத்தது. அடுத்த சில வாரங்களிலேயே போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. "உங்க தவணையைத் தள்ளிப் போடறோம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." தோல் கம்பெனி மூடி, பீடி சுற்றும் வேலையும் நின்று, பைக் தவணைக்கு என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தவர் அதை நம்பியதில் பேராசை எங்கே இருக்கிறது? சலுகை நிஜம், வங்கியின் பெயர் நிஜம், அந்த ஓடிபி மட்டும் வேறு எதற்கோ போனது. நாங்கள் அனுப்பிய எச்சரிக்கை எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லையில் சைனகுண்டா, பொன்னை பக்கம் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள், பிறகு இடித்தார்கள். போனில் வந்தவனுக்கு எந்தச் செக்போஸ்ட்டும் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இன்னொரு மோசடி இருந்தது. பழைய பொருள் விற்கும் தளங்களில் ராணுவ வீரர் பெயரில் புல்லட்டும் ஸ்கூட்டியும் அடிமாட்டு விலைக்கு வரும். இது கொரோனாவுக்கு முன்பே இருந்ததுதான். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் உள்ள ஊர்கள் நிறைந்த பகுதி இது. சீருடைப் படமும் ராணுவ கேன்டீன் கார்டும் பார்த்தால் இங்கே மறுகேள்வி கிடையாது. முன்பெல்லாம் வாங்குபவர் எந்த கேம்ப் என்று விசாரித்து, நேரில் போய்ப் பார்க்கிறேன் என்பார். ஊரடங்கில் விற்பவன் முந்திக்கொண்டான்: "கேம்ப்பை விட்டு வெளியே விட மாட்டேங்கறாங்கண்ணா, ராணுவ பார்சல்ல அனுப்பிடறேன்." முதலில் வண்டிச் செலவுக்கு ஒரு சின்னத் தொகை, அப்புறம் திருப்பித் தரும் டெபாசிட், அப்புறம் "ஸ்கேன் பண்ணுங்க, பணம் திரும்ப வந்துடும்". பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை என்பது அப்போது புதிதாக ஆப் ஏற்றியவர்களில் பலருக்குத் தெரியாது. நாட்டில் 2020 ஏப்ரல் மாதத்தில் 100 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த யுபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை, அக்டோபர் மாதத்தில் 200 கோடியைத் தாண்டியது. புதிதாக வந்தவர்களில் பலர் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் வீட்டுக்குள் இருந்தபடி கற்றுக்கொண்டார்கள்.

இ-பாஸ் புரோக்கர்கள், ஓரெழுத்து மட்டும் மாறிய போலி பிஎம் கேர்ஸ் யுபிஐ முகவரிகள், 2021-ல் தடுப்பூசிக்குப் பதிவு செய்து தருவதாக ஆதார் எண் கேட்டவர்கள், இரண்டாம் அலையில் ரெம்டெசிவிர் மருந்துக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்தவர்கள் என்று பட்டியல் நீளும். அரசு எதை அறிவித்ததோ, மக்களுக்கு எது கிடைக்கவில்லையோ, அதன் பெயரிலேயே வந்தார்கள்.

2020-ல் திருட்டும் கன்னக்களவும் வழிப்பறியும் குறைந்தன என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதே ஆண்டில் சைபர் குற்ற வழக்குகள் 44,735-லிருந்து 50,035 ஆயின. அதில் 60 சதவீதத்துக்கு நோக்கம் மோசடி. இதுவும் வழக்குப் பதிவானது மட்டும். பணம் பறிபோனால் உடனே கூப்பிடச் சொல்லி இன்று நாம் சொல்லும் 1930 உதவி எண், முதலில் 155260 என்று தொடங்கியதே 2021 ஏப்ரலில்தான். முதல் அலை முழுக்க, பணம் போன அந்த ஒரு மணி நேரத்தில் கூப்பிட அப்படி ஓர் எண்ணே கிடையாது.

அமெரிக்காவின் கோஹன், ஃபெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் எழுதியது நினைவுக்கு வருகிறது. குற்றம் செய்ய நினைப்பவன், கைக்கெட்டும் இலக்கு, காவலுக்கு ஆளில்லாத நிலை, இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் குற்றம் நடக்கும் என்றார்கள். ஊரடங்கில் வீட்டுக்குக் காவல் இருந்தது, ஏனென்றால் எல்லோரும் வீட்டில். பணத்துக்குக் காவல் யார்? கவுன்ட்டரில் "யாருக்கும்மா இவ்வளவு அனுப்பறீங்க?" என்று கேட்கும் குமாஸ்தாவும், வரிசையில் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பக்கத்துத் தெருக்காரரும்தான். (எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை, ஆனால் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.) அந்த இரண்டு பேரையும் ஊரடங்கு அப்புறப்படுத்தியது.

கொரோனா போய்விட்டது, அவர்கள் திரும்பி வரவில்லை. எது கேட்டாலும் "ஆப்ல பாத்துக்கங்க" என்று வங்கிக் கிளைகளே சொல்கின்றன. அப்போது பெருகிய உடனடிக் கடன் செயலிகளுக்கு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது, கடன் தொகை நேராக வாங்குபவர் கணக்குக்கே போக வேண்டும் என்றது. விதி சரிதான். அதைத் தமிழில் அச்சிட்டு ஒட்டிய கிளை ஒன்றையும் நான் காட்பாடியில் பார்க்கவில்லை.

என் கோரிக்கை இரண்டு. அரசோ வங்கியோ ஒரு சலுகையை அறிவிக்கும்போது, இதற்காக யாரும் போன் செய்ய மாட்டார்கள், எந்த அலுவலகத்துக்கு நேரில் வரலாம் என்பதையும் அதே விளம்பரத்தில், அதே அளவு எழுத்தில், தமிழில் போட வேண்டும். மற்றது உங்களுக்கு. பறிபோன தொகையைத் தலைப்பில் போடுவதோடு நிறுத்தாமல், ஏமாற்றியவன் போனில் என்ன பேசினான் என்பதை வார்த்தைக்கு வார்த்தை வேலூர் மாவட்டப் பக்கத்தில் போடுங்கள். அடுத்த ஆளுக்கும் அதையேதான் பேசப் போகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்