அரக்கனுக்கும் ஒரு வரவு கொடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் நாடகம் பழக்கும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

வணக்கம். தமிழ்த்தினப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் நீங்கள் படுகிற பாடு தெரியும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளை மறித்து வைத்து, கைக்காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, உடுப்புக்கு வீடுவீடாய்ச் சாறி இரவல் கேட்டு ஒரு நாடகத்தை மேடைக்குக் கொண்டுவருகிறீர்கள். அதற்குள் இவன் வேறு குறை சொல்ல வந்துவிட்டான் என்று கோபிக்க வேண்டாம். கேட்க இருப்பது ஒன்றே ஒன்று. அரக்கன் வேசத்துக்கு யாரைப் பிடிக்கிறீர்கள், பிடித்த பிறகு அவனை எப்படி மேடைக்கு விடுகிறீர்கள்?

வழக்கமாக நடப்பது இது. வகுப்பில் கறுத்த, கொஞ்சம் தடித்த பொடியன் ஒருவனைக் கண்ணால் தேடுவது. ‘இவன் அரக்கனுக்குச் சரி’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்வது. என் தங்கச்சியின் மகனுக்கு நடந்ததும் இதுதான். இருக்கிற நிறம் போதாதென்று முகமெல்லாம் கரி. பிறிஸ்டல் மட்டையில் வெட்டி ஒட்டிய இரண்டு பல். வசனம் என்று பார்த்தால் ‘ஹா ஹா ஹா’. அந்த அரக்கனுக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது, என்ன கோபம் என்று கிடையாது. வந்தான், சிரித்தான், இளவரசனின் மட்டை வாள் பட்டுச் செத்தான். சபை கைதட்டியது. அந்தத் தவணை முடியும்வரை வகுப்பில் அவனுக்குப் பட்டம் ‘அரக்கன்’. அவனும் சிரித்துக்கொண்டுதான் திரிந்தான். ஆனால் வீட்டில் யாராவது படம் எடுக்கப் போனைத் தூக்கினால் இப்போது ஆட்களுக்குப் பின்னால் போய் நிற்கிறான். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள்.

நம்முடைய கூத்தில் இந்த வேலை நடக்காது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதாவது பாத்திரங்களைப் பங்கிடும்போது, துரியோதனனையும் இராவணனையும் யாருக்குக் கொடுக்கிறார் என்று பாருங்கள். நல்ல தொண்டையும் உரமான காலும் உள்ளவனுக்கு. விரிந்த கூத்து உடுப்பான கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு விடிய விடிய வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி ஆடுவது லேசுப்பட்ட காரியமா? அந்தச் சட்டம் தனக்கு வரவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன ஆட்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் வரவு, ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்குள் வருகிற கட்டம். தருமர் வந்தாலும் சரி, துரியோதனன் வந்தாலும் சரி, அரசன் வருகிறான் என்று கட்டியகாரன் முதலில் சபைக்கு அறிவிக்க வேண்டும். மத்தளம் வரவுத்தாளத்துக்கு மாறும், சல்லாரி என்கிற கைத்தாளம் கூடச் சேரும். தான் யார், என்ன குலம், எந்த நாடு என்பதெல்லாம் பாட்டிலும் ஆட்டத்திலும் வந்த பிறகுதான் அவன் கொலுவில் இருப்பான். தலையில் மணிமுடி, தோளில் புஜகிரீடம், மார்பில் கண்ணாடித்துண்டு மினுங்கும் பதக்கம். பாண்டவர் பக்கத்துக்குக் கூட, கௌரவர் பக்கத்துக்குக் குறைய என்ற கணக்கு இல்லை. அவன் செய்யப் போகிற அநியாயம் சபைக்குத் தெரியும். களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருப்பவர்களில் கதை தெரியாதவர் யார்? தெரிந்துகொண்டே முதலில் அவன் கம்பீரத்தைப் பார்க்கிறார்கள். பதினெட்டாம் போரில் தொடை முறிந்து அவன் விழும்போது ‘பாவம்’ என்று ஒரு கிழவி சொல்கிறாள் என்றால், இராத்திரி அவனுக்குக் கொடுத்த அந்த வரவுதான் சொல்ல வைக்கிறது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்தில் ஒரு வகையான வடமோடியை வைத்து ‘இராவணேசன்’ போட்டபோது இராவணனாக ஆடியவர் நம் மட்டக்களப்பு சி. மௌனகுரு. நம் களரியில் பிடித்த ஆட்டம்தான் அங்கே போனது. கம்பனும் இராவணனைக் கரி பூசி அனுப்பவில்லை. முதல் நாள் போரில் தோற்றுத் திரும்புகிறவனைச் சொல்லும்போது, யானைகளோடு பொருத மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதர் மெச்சும்படி பாடிய நாக்கு என்று ஒவ்வொன்றாய் எண்ணிவிட்டுத்தான் வெறுங்கையோடு இலங்கைக்குள் விடுகிறான்.

இதைச் சொன்னவுடன் இராவணனை நல்லவனாக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு விமானமும் விஞ்ஞானமும் ஏற்றிக் கொண்டாடுகிற ஒரு கூட்டம் இப்போது கிளம்பியிருக்கிறது, அந்தப் பக்கம் நான் வரவில்லை. சீதையைத் தூக்கியது பிழை. பிழை பிழையாகவே இருக்கட்டும். செய்தவன் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

கோயிலிலும் இதே கதைதான். ஐப்பசியில் சூரன்போர் அன்று பொடியன்மார் சூரனின் பக்கம் எவ்வளவு உசாராய் நிற்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யானை முகம், சிங்க முகம் என்று தலை மாறி மாறி வந்து, கடைசியில் சேவலும் மயிலுமாகி முருகனோடேயே தங்கிவிடுகிறான். கண்ணகையம்மனை எடுங்கள். வேற்றூரிலிருந்து வந்து ஒரு நகரத்தையே எரித்தவள். வேறு எந்த நாட்டுக் கதையிலாவது வந்திருந்தால் சூனியக்காரி என்று முடித்திருப்பார்கள். நாமோ வைகாசி தோறும் அவள் கதையான வழக்குரை பாடி, குளிர்த்திச் சடங்கு செய்து, அவள் கோபத்தை ஆற்றுகிறோம்.

வேடன் வேசத்துக்கு வருகிறேன். இடுப்பில் குழை, தலையில் இறகு, வாயில் ‘ஊலலலா’. எந்தக் காட்டில் யார் இப்படிக் கத்தினார்கள்? வாகரைப் பக்கம் தமிழ் பேசுகிற வேடர் சமூகம் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளும் நம் பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள், அதே சபையில் முன்வரிசையில் இருந்து அந்த ‘ஊலலலா’வைக் கேட்கிறார்கள். வள்ளியை வளர்த்ததும் வேடர் குடிதான். அந்தக் கதையைப் போடும்போதுகூட அவளை வளர்த்த நம்பிராசனுக்கு இரண்டு வரி உருப்படியான வசனம் எழுதுவதில்லை.

ஆங்கிலத் தினத்துக்குப் போடுகிற பனிவெண்மகள் (ஸ்னோ வைற்) கதையிலும் ஒரு சங்கதி உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட முதற்பதிப்பில் பொறாமை பிடித்த அரசி அந்தப் பிள்ளையின் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். பெற்றவள் இப்படிச் செய்தாள் என்று எழுத மனம் வராமல், பழியை வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள் தலையில் போட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. யுத்தமும் சுனாமியும் கண்ட ஊர்கள் நம்முடையவை. இரண்டாம் தாரம் வந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வீடுகள் எத்தனை? சின்னம்மா கையால் கட்டிவிட்ட சோற்றைக் கொண்டுவருகிற பிள்ளையும் அந்த நாடகத்தைப் பார்க்கிறது.

நல்ல கதை வேண்டுமென்றால் கடோற்கசன் இருக்கிறான். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்கு 18 நாள் சடங்கு செய்து, வனவாசம் போய், தீ மிதித்து, பாரதத்தைக் காலால் நடந்தே அறிந்த சனம் நாம். இருந்தும் இடும்பியின் மகனை எந்தப் பள்ளி மேடையிலும் நான் காணவில்லை. தகப்பன் பீமன், தாய் அரக்கி. காட்டில் வளர்கிறான், கூப்பிட்ட நேரம் வந்து நிற்கிறான். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை ஒரு தரம்தான் எறியலாம். கர்ணன் அதை அருச்சுனனுக்கென்று பொத்தி வைத்திருக்கிறான். 14ஆம் நாள் இரவுப் போரில் கடோற்கசன் அடிக்கிற அடி தாங்காமல் அதை அவன்மேல் எறிந்துவிடுகிறான். சாகும்போதும் கடோற்கசன் உடம்பைப் பெருப்பித்துக்கொண்டு கௌரவர் சேனைமேல் விழுகிறான். பாண்டவர் அழுகிறார்கள். கண்ணன் மட்டும் சந்தோசப்படுகிறான், அருச்சுனன் தப்பினான் என்று. இவன் வீரனா, அரக்கனா, வெளியாளா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சண்டையே பிடிப்பார்கள்.

போட்டியில் நேரம் காணாது என்பீர்கள். வரவுக்குத் தரு என்கிற கூத்துப் பாட்டு நாலு வரியும் ஒரு சுற்று ஆட்டமும் போதும், மூன்று நிமிடம் போகாது. இளவரசனும் இளவரசியும் தோட்டத்தில் பாட்டுக்கு ஆடுகிற காட்சியைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் வந்துவிடும். நிறத்தைப் பார்த்து ஆள் பிடிக்காமல் எல்லாப் பிள்ளைகளையும் அந்த நாலு வரியையும் பாட வையுங்கள். குரல் யாருக்கு நிற்கிறதோ அவனுக்கோ அவளுக்கோ கொடுங்கள். கரியை அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள். வேடர் கதை போடுவதென்றால் வாகரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் முதலில் போய்க் கேளுங்கள். நடுவராய் இருப்பவர்களும் ‘அரக்கனின் பயங்கரத் தோற்றம்’ என்று புள்ளி போடுவதை விட்டு, அவன் பேசியதற்குப் போட்டால் புண்ணியம்.

தரு எழுதத் தெரியாது என்றால் அதுவும் பெரிய காரியமில்லை. கன்னன்குடாவிலும் சீலாமுனையிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் கூத்துத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மரியாதையாய்ப் போய்க் கேட்டால் ஒரு பின்னேரத்தில் கட்டித் தந்துவிடுவார்கள். மத்தளம் அடிக்க ஆள் இல்லாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். வாற தவணை மேடைக்கு இப்போதே தொடங்கினால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
துரியோதனனுக்கு ஆடிய ஒரு மாமன்,
மட்டக்களப்பு.